புதூர்நாட்டில் ரூம் கிடைக்குமா?

நான் திருப்பத்தூர்க்காரன் என்று தெரிந்துவிட்டால் போதும், நண்பர்கள் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "ஏலகிரி உங்க ஊர்ப் பக்கம்தானே?" இன்னொன்று, "ஏலகிரி அலுத்துப் போச்சுப்பா. ஜவ்வாது மலையில புதூர்நாடுன்னு ஒரு ஊர் இருக்காமே, கூட்டமே இல்லையாமே, அங்க ரூம் கிடைக்குமா?"

முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவதுக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் சரிவராது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், முன்னாடியே சொல்லிட்டேன். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஜப்பான் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடுவோம். (ஜவ்வாதுக்கும் ஜப்பானுக்கும் 'ஜ'வைத் தவிர என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, இருக்கு.)

நம்ம ஆட்கள் கியோட்டோவில் தங்க இடம் தேடுவதைப் பார்த்திருக்கீங்களா? அது ஒரு பெரிய ஆராய்ச்சி. ஸ்டேஷனில் இருந்து எத்தனை நிமிஷம் நடக்கணும், அறைக்குள் பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்குமா, கட்டிலா இல்லை தரையில் விரிக்கிற மெத்தையா, பக்கத்தில் காசு போட்டுத் துணி துவைக்கிற மெஷின் இருக்கா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி... பத்து நாள் இதிலேயே ஓடும்.

போய் இறங்கின பிறகு நடப்பது அதைவிட ஆச்சரியம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். பொதுக் குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் நல்லா தேய்த்துக் குளித்துவிட்டு இறங்குகிறோம். குப்பையை எரியுறது, எரியாதது, பாட்டில் என்று வகை பிரிக்கிறோம். ராத்திரி குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். யாராவது கோவிச்சுக்கிறோமா? இல்லை. "ஆஹா, என்ன ஒழுங்கு!" என்று புல்லரித்துப்போய், ஊர் திரும்பினதும் நாலு பாகமாகத் தொடர் எழுதுகிறோம் :-)

அதே நாம்தான் புதூர்நாடு என்றதும் இப்படிக் கேட்கிறோம்: ஏசி இருக்கா? கேம்ப் ஃபயர் போடலாமா? ஸ்பீக்கர் எடுத்துட்டு வரலாமா? 'சரக்கு' பக்கத்துல கிடைக்குமா?

ஜப்பான் போனால் அவங்க வீட்டு வழக்கம், ஜவ்வாது வந்தால் மட்டும் நம்ம வழக்கமா? என் ஆதங்கம் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் விளக்கம்.

புதூர்நாடு யாருடைய ஊர்?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பூகோளம். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. திருப்பத்தூர் 2019 வரைக்கும் வேலூர் மாவட்டத்தோடு இருந்தது, அந்த வருஷம்தான் தனி மாவட்டமானது. திருப்பத்தூர் பக்கத்து மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்று மூன்று ஊராட்சிகள். பெயரில் 'நாடு' வருவதைக் கவனிங்க. கொல்லிமலைக்குப் போனாலும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்றுதான் இருக்கும். சின்னச் சின்ன மலையூர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு.

அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் கிடையாது, பேசுறது தமிழ்தான். மலையில் இருப்பதால் மலையாளி. சாமை விதைப்பார்கள். புளி, பலா, சீத்தாப்பழம், தேன், கடுக்காய் என்று அந்தந்தப் பருவத்துக்கு ஒன்று திருப்பத்தூர் சந்தைக்கு இறங்கி வரும். திருப்பத்தூரில் அரசு சந்தன மரக் கிடங்கு இருக்கிறதே, அந்தச் சந்தன வாசத்துக்கும் பூர்வீகம் இந்த மலைதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நம்ம மனசில் 'யாரும் போகாத இடம்' என்று ஒரு படம் இருக்கு. அங்கே காலம் காலமாக ஆட்கள் குடியிருக்கிறார்கள், விவசாயம் பண்றாங்க, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாங்க. 'யாரும் போகலை' என்றால் நாம் போகலை என்று அர்த்தம், அவ்வளவுதான். போட்டிங், பார்க், வியூ பாயிண்ட் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவீங்க. குடியிருக்கிற ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்போடு போனால் ஏமாற மாட்டீங்க.

சரி, எங்கதான் தங்குறது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, திருப்பத்தூர் டவுன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி சாதாரண லாட்ஜுகள் இருக்கு. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாது, எதிர்த்த கடை போர்டு தெரியும். ஆனால் ஜோலார்பேட்டை ஜங்ஷன் பக்கம், சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் ரயிலில் வந்து இறங்கிவிடலாம். காலையில் மலை பஸ் பிடித்து ஏறி, பகலெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் இறங்கிவிடலாம். சொந்த ஊர்ப் பாசத்தில் சொல்லலை, இன்றைய நிலைமையில் நான் யாருக்கும் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். காரணம் பின்னாடி வருது.

இரண்டாவது, ஏலகிரி. பதினாலு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கெல்லாம் வள்ளுவர், கம்பர், பாரி, ஓரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பார்கள். மேலே எல்லா விலையிலும் ரூம் கிடைக்கும். ஆனால் ஒன்று, ஏலகிரி வேற மலை. நெட்டில் புதூர்நாடு பக்கம் ஹோட்டல் தேடினால் ஏலகிரியைத்தான் வரிசையாகக் காட்டும். அதை நம்பி அங்கே ரூம் போட்டால் தினமும் ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறணும்.

மூன்றாவது, ஜமுனாமரத்தூர். இது திருவண்ணாமலை மாவட்டத்துப் பக்கம். பீமன் அருவி, படகுத்துறை, கோடை விழா எல்லாம் அங்கேதான். தங்க வசதியும் ஓரளவு உண்டு. மேப்பில் பார்த்தால் 'இதோ பக்கத்துலதானே' என்று தோணும். மலைப்பாதையை மேப்பில் விரல் வைத்து அளக்காதீங்க.

நாலாவது, டென்ட். இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனது ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் ராத்திரி தங்குவது குற்றம், ஆபத்தும்கூட. 'யாருக்குத் தெரியப் போகுது' என்று சொல்கிற ஏற்பாட்டாளரோடு போகவே போகாதீங்க.

ஐந்தாவது, மலைக்காரங்க வீடு. இதற்குத் தனியா வர்றேன்.

ஆறாவதாக ஒன்று இருக்கு. நண்பர்கள் உண்மையில் கேட்பது அதைத்தான்: "ஒரு நல்ல ரிசார்ட் வந்தா சூப்பரா இருக்குமே?"

ரிசார்ட் வந்தால் என்ன?

கேள்வி நியாயமானதுதான். அதனால் நிதானமாகவே பதில் சொல்றேன்.

ரிசார்ட் கட்ட முதலில் வேண்டியது நிலம். மலையில் நிலம் யாரிடம் இருக்கு? சாமை விதைக்கிறவரிடம் இருக்கு. ஆந்திராவில் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்கக்கூடாது என்று 1959லேயே ஒழுங்குமுறை வந்து, 1970ல் அதை இன்னும் இறுக்கினார்கள். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ஆந்திரா மாதிரி ஒரு தனிச் சட்டமும் இங்கே இல்லை. இருக்கிற பாதுகாப்பு வருவாய்த் துறை நிலையாணை என்கிற அளவில்தான் நிற்கிறது. ஓட்டை எங்கே இருக்கும் என்று புரோக்கர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

மலைப்பக்கம் ஒரு டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தப்போ அவர் சொன்னது: "சுத்திப் பார்க்க வர்றவங்களைவிட எடம் கேட்டு வர்றவங்கதான் சார் இப்ப அதிகம். கார்ல வர்றாங்க, டீ குடிக்கிறாங்க, இந்தக் கொல்லை யாருதுன்னு கேக்கறாங்க." நீங்க என்ன சொல்வீங்க என்று கேட்டேன். "தெரியாது சார்னு சொல்லிடுவேன். எங்க பெரியப்பா கொல்லைதான் அது" என்று சிரித்தார்.

நாம் விளையாட்டாகக் கேட்கிற 'ரூம் இருக்கா' என்ற கேள்விதான் கை மாறி மாறி, கடைசியில் 'இந்தக் கொல்லை யாருது' என்று அவர் கடைக்கு வந்து நிற்கிறது. கேட்கிறவர்கள் கூடக் கூட கட்டுகிறவர்கள் வருவார்கள். ஏலகிரியில் அதுதான் நடந்தது. சென்னையும் பெங்களூரும் சனி ஞாயிறுக்கு ஏறி வர ஆரம்பித்த பிறகு, நிலம் வெளியூர்க்காரர் கைக்கு மாறி, அதே நிலத்தில் கேட்டைத் திறந்து விடுகிற வேலைக்கு உள்ளூர்க்காரர் நிற்பதைப் பார்க்கிறோமா இல்லையா?

அடுத்தது தண்ணி. மலை ஊருக்கு ஊற்றும் கிணறும்தான் உயிர். நீச்சல்குளம் உள்ள ஒரு விடுதி போர் போட்டு உறிஞ்சினால் கீழ்ப்பக்கத்துக் கிணறு என்னாகும் என்று சொல்ல எந்த நிபுணரும் வேண்டாம்.

அடுத்தது விலங்கு. நீலகிரியில் யானை வழித்தடத்தில் கட்டின ரிசார்ட்டுகளைக் காலி பண்ணச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கடுத்த மூன்றாவது மாசம், 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மேல் எரிகிற பொருளை வீசினார்கள். அந்த யானை செத்துப்போனது. வீடியோ பார்த்தவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. இவ்வளவு ஆன பிறகு, 2024 மே மாசத்தில் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போகணும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. நாலு பேர் போகிற இடத்துக்கு நாற்பதாயிரம் பேர் போன பிறகு கதவைச் சாத்துவதைவிட, இப்பவே யோசிப்பது நல்லது.

"நீ டவுன்ல உக்காந்து பேசற"

இப்படி ஒரு எதிர்ப்பு வரும் என்று தெரியும். வரணும். "மலை மக்களுக்கு வேலை வேண்டாமா? நீ மட்டும் லைட்டு ஃபேனோட இருப்ப, அவங்க அப்படியே பழைய மாதிரி இருக்கணுமா? நாலு ரிசார்ட் வந்தா நாலு பேர் பிழைப்பான் இல்ல?"

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்கள் இருந்தார்கள். மலையில் வருமானம் இல்லை என்றால் ஆட்கள் எங்கெங்கே போவார்கள் என்பதற்கு இதைவிட வேற சாட்சி வேண்டாம். கர்நாடகத்து காப்பித் தோட்டத்துக்கும் கேரளாவுக்கும் குடும்பத்தோடு வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களும் உண்டு. மலைக்குப் பணம் ஏறி வரத்தான் வேண்டும். 'வராமலே இருந்துடுங்க' என்று சொன்னால் அது அயோக்கியத்தனம்.

என் கேள்வி வேற. அந்தப் பணம் எந்த வாசல் வழியா வருது?

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். ரிசார்ட்டில் ஒரு ராத்திரிக்கு நாலாயிரம் கொடுக்கிறீங்க. அதில் மலைக்காரருக்குப் போவது வாட்ச்மேன் சம்பளம், பெருக்குகிற அம்மாவின் சம்பளம். சாப்பாட்டு அரிசி கீழே இருந்து, சமையல்காரர் வெளியூர், லாபம் சென்னைக்கோ பெங்களூருக்கோ. ஒரு மலைக்காரர் தன் வீட்டோடு ஒரே ஒரு அறை சேர்த்துக் கட்டி, ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய் வாங்கி, மாசத்தில் எட்டு ராத்திரி ஆள் வந்தால் எட்டாயிரம். அரிசி, காய், கோழி, தேன் எல்லாம் பக்கத்துக் கொல்லையில் இருந்து. நிலமும் அவரிடம். எந்த நாள் ஆள் வரணும், வேண்டாம் என்பதும் அவர் கையில்.

இன்னொன்று. இதே மலையின் புலியூர் கிராமத்தில் இருந்து வந்த ஸ்ரீபதி, சிவில் நீதிபதி தேர்வில் தேறினார் என்ற செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதியவர். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு 'வாட்ச்மேன் வேலை கிடைச்சா போதாதா' என்று நாம் முடிவு பண்ணுவது என்ன நியாயம்?

மறுபடி ஜப்பான்

ஷிரகாவா-கோ என்று ஜப்பானில் ஒரு மலைக்கிராமம். கைகூப்பின மாதிரி செங்குத்தான வைக்கோல் கூரை வீடுகள், காலண்டரில் பார்த்திருப்பீங்க. 1960களில் ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிப் போக, வீடுகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. 1971ல் ஒகிமாச்சி என்ற பகுதியில் ஊர்க்காரர்கள் கூடி மூன்றே மூன்று கட்டுப்பாடு போட்டார்கள். விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. அதோடு, தாங்களே குடியிருக்கிற வீட்டில் விருந்தாளிகளுக்கு அறை கொடுத்தார்கள். அந்த மாதிரி குடும்ப விடுதிக்கு அங்கே 'மின்ஷுகு' என்று பேர். 1995ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்றைக்கு அங்கே கூட்டம் பிதுங்குகிறது, அந்தத் தலைவலி தனி. ஆனால் வீடு ஊர்க்காரரிடமே இருக்கு. தலைவலிக்கு மருந்து தேடுவதும் அவர்களே.

நகரத்தையும் சும்மா விடவில்லை. வீட்டை வாடகை ரூமாக்கும் மோகம் எல்லை மீறினபோது, 2018 ஜூனில் ஜப்பான் முழுக்க ஒரு சட்டம் வந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வருஷத்துக்கு 180 ராத்திரிக்கு மேல் ஆள் வைக்கக்கூடாது. கியோட்டோ அதிலும் ஒரு படி மேலே போய், குடியிருப்புப் பகுதிகளில் ஜனவரி நடுவில் இருந்து மார்ச் நடு வரைக்கும் மட்டும்தான் என்று சுருக்கியது. 2018 அக்டோபரில் தங்கும் வரியும் போட்டது. அதையே 2026 மார்ச்சில் இருந்து, மிக உயர்ந்த ரக அறைக்கு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 10,000 யென் வரை உயர்த்தியிருக்கிறது. யார் கேட்டாலும் 'அவங்க ஊர், அவங்க சட்டம்' என்று கட்டிவிட்டுத்தானே வருகிறோம்?

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நம்ம நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கு. அதற்கும் ஜவ்வாது மலைக்கும் நேரடிச் சொந்தம்.

ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கத்தில் காவலூர் இருக்கு. 1968ல் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு ஆரம்பித்த வானாய்வகம். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்து, வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியமான காரணம், மலையின் இருட்டு. அதை நடத்துகிற இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் லடாக்கில் ஹன்லே ஆய்வகத்தையும் நடத்துகிறது. ஹன்லேயைச் சுற்றி 2022ல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் 24 பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிறவர்கள் ஊர்க்காரர் வீட்டில் தங்கி, அவர் காட்டுகிற நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, அவருக்குக் காசு கொடுக்கிறார்கள். ஊரில் விளக்கை அடக்கி வைத்தால் வருமானம்!

இது ஏன் ஜவ்வாது மலையில் நடக்கக்கூடாது? புதூர்நாட்டில் ராத்திரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். பெங்களூர்க்காரர் எத்தனை கோடி கொடுத்தாலும் அவர் ஊரில் வாங்க முடியாத சரக்கு அது. ஒரு ரிசார்ட் வாசலில் சீரியல் லைட்டும் ஃபோகஸ் லைட்டும் போட்டால் முதலில் காணாமல் போவது அதுதான்.

அப்போ மலைக்காரங்க வீடு?

இங்கே கற்பனையில் மிதக்காமல் பேசணும். 'வீட்டில் தங்கிக்கலாம்' என்று பதிவில் எழுதுவது சுலபம். போய்க் கதவைத் தட்டுவது அநாகரிகம். அது அவங்க குடும்பம் நடத்துகிற இடம்.

தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்தபோது, அந்த அம்மா பளிச்சென்று சொன்னார்: "திண்ணையில படுத்துக்கோ தம்பி, சோறும் போடறேன். பொம்பளைங்க வந்தாத்தான் யோசனை. பாத்ரூமு ஒண்ணுதான், அதுவும் பின்னால கொல்லையில. உங்க வூட்டு பொம்பளைங்களுக்கு ஒத்து வருமா?" இவ்வளவு நேர்மையான அறை விவரத்தை எந்த ஹோட்டல் தளத்திலும் படித்ததில்லை.

ஆக, வேண்டியது பெரிய முதலீடு இல்லை. ஒரு சுத்தமான கழிப்பறை, கதவு தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, கணக்கு வழக்குக்கு ஒரு மகளிர் குழு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம் ஸ்டே திட்டப்படியே, சொந்தக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்கணும், அதிகபட்சம் ஆறு அறைதான். சொந்தக்காரர் பெங்களூரில் இருந்துகொண்டு, மேனேஜர் சாவி கொடுத்தால் அதற்குப் பேர் ஹோம் ஸ்டே இல்லை, லாட்ஜ். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அந்த நிலை வரும் வரைக்கும் ராத்திரிக்குத் திருப்பத்தூரில் படுத்து, பகலில் மலை ஏறுங்க என்பதுதான் என் கட்சி. பகலில் போனாலும் காசு மலைக்குத்தான் போகும். அங்கேயே டீ குடிங்க, சாப்பிடுங்க, சாமையும் தேனும் புளியும் பேரம் பேசாமல் வாங்குங்க. வழி காட்ட உள்ளூர்ப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போய், பேசின கூலியைக் கையில் கொடுங்க.

ரூம் போடுவதற்கு முன் மூணு கேள்வி

ஜவ்வாது மலையில் எங்கேயாவது, நாளைக்கே புதூர்நாட்டில்கூட, தங்க இடம் இருக்கு என்று விளம்பரம் பார்த்தால், ஏசியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் போன் போட்டு இதைக் கேளுங்க.

ஒன்று: இடம் யாருடையது, அவர் அங்கேயே குடியிருக்காரா?

இரண்டு: தண்ணி எங்கிருந்து வருது, கழிவுத் தண்ணி எங்கே போகுது?

மூணு: ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கும் பாட்டும் அணையும்?

மூணுக்கும் தயங்காமல் பதில் வந்தால் போங்க. 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்' என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். கியோட்டோவில் துணி துவைக்கிற மெஷினைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட நமக்கு, இந்த மூணு கேள்வி கேட்க ரெண்டு நிமிஷம் ஆகாது.

அதனால் தலைப்புக் கேள்விக்கு என் பதில்: புதூர்நாட்டில் இப்போதைக்கு ரூம் கேட்காதீங்க. அந்த மலைக்காரங்க தாங்களே ஒரு அறை கட்டி 'வாங்க' என்று கூப்பிடுகிற நாள் வரட்டும். அன்றைக்கு முதல் ஆளாக நான் போய்த் தங்கிவிட்டு வந்து பதிவு போடுறேன். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா சொல்லுங்க. குறிப்பா கொல்லிமலை, சிறுமலை, ஏற்காடு பக்கத்துப் பதிவர்கள் உங்க மலையில் என்ன நடந்தது, நடக்குது என்று எழுதினால் எல்லாருக்கும் பிரயோஜனமாக இருக்கும்.

பி.கு: பகலில் போகிறவர்களுக்கு. சாயங்கால பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கோங்க. சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். கொண்டு போன பாட்டில், கவர் எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டு வந்து திருப்பத்தூர் குப்பைத் தொட்டியில் போடுங்க. ஜப்பானில் பாட்டில் வேற, கவர் வேறன்னு பிரிச்சவங்கதானே நாம :-)